கரித்துணி

துணி வெட்டக் கண் எதற்கு, கை போதாதா என்று மின்னல் கேட்பாள். கேட்டு முடிப்பதற்குள் இரண்டு சட்டையை வெட்டிப் போட்டிருப்பாள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கும் இருந்தது. சம்பள நாளில் அது ஒருமுறை வெளியே வந்து தலைகாட்டிவிட்டு மறுபடி உள்ளே போய்விடும். மற்ற நாளெல்லாம் மின்னல்தான். அந்தத் தகரக் கொட்டகையில் அவள் கைவேகத்துக்கு யாரும் கிட்டே வரமுடியாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஏழைக்குக் கர்வப்பட வேறு என்ன இருக்கிறது?

எங்கெங்கோ யார் யாரோ உடுத்திக் கழித்த துணியெல்லாம் கட்டுக்கட்டாக அந்தக் கொட்டகைக்கு வந்து இறங்கும். கட்டை உடைத்தால் முதலில் வாசனைதான் வரும். யார் வீட்டு அலமாரியையோ கேட்காமல் திறந்துவிட்ட மாதிரி, அந்துருண்டையும் பழைய வேர்வையும் கலந்து அடிக்கும். கந்தல் என்று கணக்குக் காட்டி, வரி குறைத்து மலிவாக இறக்கிய சரக்கு அது. உடுப்பாக வெளியே போனால் முதலாளி மேல் வழக்கு பாயும். அதனால் எந்தத் துணியாக இருந்தாலும், எவ்வளவு புதிதாக இருந்தாலும், கையில் எடுத்தவுடன் ஒரு வெட்டு வெட்டவேண்டும். பலகையில் நட்டுவைத்த கத்திக்கு முன்னால் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தோளிலிருந்து இடுப்புவரை ஒரே இழுப்பு. அதற்குப் பிறகு அது உடுப்பு இல்லை. பித்தானை அறுத்து டப்பாவில் போட்டு, பருத்தி ஒரு பக்கம், கம்பளி ஒரு பக்கம் என்று பிரித்துத் தள்ளவேண்டும். கம்பளித் துணி கொட்டகையின் அந்தக் கோடியில் இருக்கும் கிழிக்கிற மிஷினுக்குப் போகும். மிஷின் அதைப் பஞ்சாக்கும். பஞ்சு நூலாகி, நூல் எங்கேயோ போர்வையாகும்.

இத்தனை போர்வைக்கு நடுவில் உட்கார்ந்து எழுந்துவரும் மின்னல் வீட்டில் இருந்தது ஒரே ஒரு போர்வை.

அந்த மிஷினை ஓட்டியவர்தான் அவள் வீட்டுக்காரர். மிஷின்காரர் என்றால் கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும். வருஷக்கணக்காக அந்தத் தூசியை உள்ளே இழுத்து இழுத்து, கடைசியில் மூச்சை இழுக்க நெஞ்சில் இடமில்லாமல் போயிற்று. இப்போது இரண்டு வருஷமாகப் படுக்கை. படுத்தால் இருமல், உட்கார்ந்தால் இரைப்பு. மலைமேல் இருக்கும் நெஞ்சு ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலுக்கு எழுதிவைத்துக் காத்திருந்தார்கள். அந்த வாரம்தான் அவர் முறை வந்தது. ஆனால் செய்தி சொல்ல வந்த நர்ஸம்மா கூடவே ஒரு குண்டையும் போட்டுவிட்டுப் போனாள்.

"திங்கக்கிழமை காலையில கீழ இருந்து எங்க வண்டி கிளம்பும். வரலைன்னா கட்டில் அடுத்த ஆளுக்குப் போயிடும்" என்றாள். "இன்னொண்ணு. மேல ஜன்னலெல்லாம் ராப்பகலா திறந்துதான் இருக்கும். அந்தக் காத்துதான் வைத்தியமே. சாப்பாடு, மருந்து எல்லாம் நாங்க பார்த்துக்குவோம். உடம்புக்குக் கம்பளி நீங்கதான் கொண்டு வரணும். போன மாசம் ஒருத்தர் வெறும் சட்டையோட வந்தார். நாலு நாள்கூட தாங்கல. அதுக்கப்புறம் கம்பளி இல்லாதவங்கள வண்டியில ஏத்தறதே இல்லம்மா. என் மேல கோவிச்சுக்காத."

கோபித்துக்கொண்டு என்ன செய்ய? முன்பணம் வாங்கக்கூடிய இடத்திலெல்லாம் ஏற்கெனவே வாங்கியாயிற்று. அடகு வைக்க வீட்டில் மிஞ்சியிருந்தது அடுப்பு ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அவர்கள் இருந்த ஒற்றை அறைக்கு மழை வந்தால் சுவரே வேர்க்கும். மிஷின்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போர்வை அவர் மேல் இல்லை. எட்டு வயது மகள் மேல் கிடந்தது. கஞ்சி குடித்த கையோடு அது தூங்கிப்போயிருந்தது.

"போர்வையை நீங்க எடுத்துட்டுப் போங்க" என்றாள் மின்னல்.

"எடுத்துட்டுப் போனா?"

"நாங்க சமாளிச்சுக்குவோம்."

"எதை வெச்சு? சின்னதுக்கு இப்பவே மூக்கு ஒழுகுது. நான் அங்க நெஞ்சைத் தேத்திக்கிட்டு வந்தா, இங்க இது நெஞ்சைக் கெடுத்துக்கிட்டு நிக்கும். அப்புறம் அதுக்கு ஒரு கட்டில் எழுதி வெக்கணும்." இருமல் வந்து பேச்சை முறித்தது. அது அடங்கும்வரை அவள் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். "விடு. நான் போகலைன்னா மலை ஒண்ணும் அழாது."

"நீங்க போகலைன்னா நான் அழுவேன்ல?"

"நீ எங்க அழுவ. அழறதுக்கும் நேரம் வேணும்ல."

சிரிக்கத்தான் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவப் போனவள், அங்கேயே உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதாள். மழைச்சத்தத்தில் அது வெளியே கேட்கவில்லை.

மறுநாள் கொட்டகையில் அவள் இதைச் சொன்னது பெரியக்காவிடம் மட்டும்தான். பெரியக்கா அந்த வரிசையில் மூத்தவள். வாய் திறந்தால் வசவுதான் வரும். ஒரு ஆளைத் திட்டுகிறாள் என்றால் அந்த ஆள் மேல் அவளுக்கு அக்கறை என்று அர்த்தம். அன்றைக்கு அவள் திட்டவில்லை. "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணிக்குத் திரும்பிக்கொண்டாள். இவளுக்கே நம்மீது எரிச்சல் வந்துவிட்டது போல என்று நினைத்து மின்னலும் பேசாமல் இருந்துவிட்டாள்.

பத்து மணிவாக்கில் புதுக்கட்டு ஒன்று உடைத்தார்கள். பெரியக்கா அதில் கையைவிட்டுத் துழாவினாள். நடுவில் அவள் கைக்கு ஒரு கோட்டு தட்டுப்பட்டது. கறுப்புக் கம்பளி. முழங்கால்வரை வரும், உள்ளே லைனிங் வைத்துத் தைத்தது, ஒரு இடத்திலும் பூச்சி அரிக்கவில்லை. கொட்டகைச் சட்டப்படி எடுத்த இடத்திலேயே வெட்டியிருக்கவேண்டும். அவள் வெட்டவில்லை. மின்னல் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்த நேரம் பார்த்து, அவளுடைய குவியலுக்குள் அதைச் செருகி, மேலே நாலு பழைய சட்டையை இழுத்துப் போட்டாள். மிஷின் ஓடும்போது காதுக்குள் கத்தினாலும் கேட்காது. டீக்கு மிஷின் நிற்கும்போது சொல்லிக்கொள்ளலாம், சாயங்காலம் உடுப்புக்கு உள்ளே போட்டு மேலே சால்வையைப் போர்த்திக்கொண்டு போய்விடட்டும் என்று அவள் கணக்கு. பிடிபட்டால் இரண்டு பேருக்கும் வேலை போகும். அது தெரிந்துதான் செய்தாள்.

தண்ணீர் குடித்துவிட்டு வந்த மின்னல் உட்கார்ந்தாள். எழுந்து போன நேரத்தை ஈடுகட்டவேண்டும் அல்லவா? கை வழக்கத்தைவிட வேகமாக ஓடியது. மனம் கையில் இல்லை. அது மலையடிவாரத்தில், கம்பளி இல்லாதவர்களை ஏற்றிக்கொள்ளாத வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. ஒரு சட்டை. இன்னொரு சட்டை. கை உள்ளே போயிற்று, கனமாக ஏதோ வந்தது, கத்தியில் மாட்டி ஒரு இழுப்பு.

வெட்டு கைக்கு வேறு மாதிரி இருந்தது. பருத்தி வழுக்கிக்கொண்டு போகும். இது கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு அறுபட்டது. மின்னல் குனிந்து பார்த்தாள். கறுப்புக் கோட்டு. இடது தோளிலிருந்து வலது இடுப்புவரை முதுகு இரண்டாகியிருந்தது. இது எப்படி என் குவியலில் வந்தது என்று நிமிர்ந்தவள், எதிர்ப்பலகையில் பெரியக்காவின் முகத்தைப் பார்த்தாள். பெரியக்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது.

டீ நேரத்தில் மிஷின் நின்றது. மின்னல் டீயைத் தொடவில்லை.

"கண்ணு இருந்தும் குருடியா இருந்துட்டேனே அக்கா" என்றாள். "என் கையாலயே... இந்தக் கையை அந்தக் கத்தியில வெக்கலாம்னு இருக்கு."

"வை. வெச்சுட்டு நாளைக்கு எதால திங்கப்போற?" என்றாள் பெரியக்கா. திட்டு வந்துவிட்டது. ஆனால் குரல் உடைந்திருந்தது. "தப்பு என்மேலதான்டி. சொல்லாம வெச்சேன் பாரு. உன் கைவேகம் தெரிஞ்சும் வெச்சேன் பாரு. என்னைச் செருப்பால அடிக்கணும்."

இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து டீயில் ரொட்டியை நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள் மூன்றாமவள். சோடாபுட்டி என்று கூப்பிடுவார்கள். அவ்வளவு தடிமனான கண்ணாடி. அதைப் போட்டும் பித்தானைத் தடவித்தான் அறுப்பாள். அவள் கோட்டை மடியில் இழுத்துவைத்து வெட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"எதுக்கு ரெண்டு பேரும் ஒப்பாரி வெக்கிறீங்க?" என்றாள். "இது கோட்டா இருந்தா அந்த வாசலைத் தாண்டியிருக்குமா? சால்வைக்குள்ள இவ்வளவு பெரிய கோட்டைப் போட்டுக்கிட்டுப் போனா, இவ திடீர்னு ஆறு மாசக் கர்ப்பம்னு வாசக் காவல்ல நிக்கிற பூட்டு நினைச்சுக்குவானா? இப்ப இது கந்தல். இன்னைக்கு என்ன கிழமை?"

சனிக்கிழமை. வாரத்தில் அந்த ஒரு நாள், வெட்டுப்பட்ட துணியில் ஒரு கைப்பிடி வீட்டுக்கு எடுத்துப்போகலாம். சூடான பாத்திரம் பிடிக்க, அடுப்பு துடைக்க. கரித்துணி. அது முதலாளி காட்டும் பெருந்தன்மை. ஆனால் பருத்தி மட்டும்தான். கம்பளிக்கு விலை உண்டு, அதில் ஒரு நூலைக்கூடத் தொடக்கூடாது.

"பருத்திக்குள்ள சுத்தி எடுத்துட்டுப் போவோம்" என்றாள் சோடாபுட்டி. "ஆளுக்கு ஒரு துண்டு."

கழற்றுவதும் அவர்களுக்குக் கைவந்த வேலைதான். தையல் ஓடிய இடத்தைப் பார்த்து நூலை மட்டும் அறுத்தார்கள். முன்பக்கம் இரண்டும் பெரியக்காவுக்கு. முதுகு மின்னலுக்கு. கை ஒன்றும் காலரும் வரிசையில் இருந்த இன்னும் இரண்டு பேருக்கு. அவர்களிடம் யாரும் கெஞ்சவில்லை. "மிஷின்காரருக்கு" என்றதும் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்கள். மற்றொரு கை சோடாபுட்டிக்கு. பித்தானை மட்டும் டப்பாவில் போட்டுவிட்டார்கள். டப்பாவை நிறுத்துப் பார்ப்பார்கள்.

வாசல் காவலாளிக்குப் பூட்டு என்று பெயர் வந்தது சும்மா இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பான். சொந்த மச்சினியையே ஒருமுறை பிடித்துக் கொடுத்தவன். சாயங்காலம் வரிசை நகர நகர மின்னல் மூட்டையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தாள். பெரியக்கா போய்விட்டாள். காலரும் ஒரு கையும் போய்விட்டன. மின்னலின் மூட்டையைப் பூட்டு அமுக்கிப் பார்த்தான். பிரித்தான். வெள்ளைத் துணிக்கு நடுவில் கறுப்பு தெரிந்தது.

"இது என்ன?"

"கரித்துணி, அண்ணே."

"கம்பளியிலயா? அடுப்புல பட்டா கருகி ஊரே நாறுமே." துணியைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தான். "முன்னால போனவங்ககிட்டயும் இதே கறுப்புதான் இருந்துச்சு. இன்னைக்கு எல்லார் வீட்டுலயும் ஒரே அடுப்பா?"

மின்னல் துணியை மூடி மறைக்கக் கையை நீட்டினாள். அவன் விடவில்லை.

"மிஷின்காரர் எப்படி இருக்கார்?" என்று கேட்டான்.

"திங்கக்கிழமை மலைக்குப் போறார், அண்ணே."

அவன் அந்தத் துண்டை நாலாக மடித்து, வெள்ளைத் துணிக்குள் வைத்து, முனையைத் தானே முடிச்சுப் போட்டான். "வெளியில தெரியுது. ஒழுங்காக் கட்டிக்கத் தெரியாதா? நட" என்று எரிந்து விழுந்தான்.

மின்னல் வெளியே வந்து நின்று மூச்சு விட்டாள். அவளுக்குப் பின்னால் கடைசியாகச் சோடாபுட்டி. அதே நேரம் சூப்பர்வைசர் குடையை விரித்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தார். சோடாபுட்டிக்கு அவர் வந்தது தெரியவில்லை. அவள் மூட்டையிலிருந்து கறுப்பாக ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் தங்கள் துண்டுகளை முழுக்கப் பிரித்து மடித்திருந்தார்கள். மறுபடி தைக்கிற வேலை மிச்சமாகட்டும் என்று இவள் கையைப் பிரிக்காமல் குழாயாகவே வைத்திருந்தாள்.

"கரித்துணிதான் சார். நான் பார்த்துட்டேன்" என்றான் பூட்டு. அவன் அப்படி முந்திக்கொண்டு பேசி யாரும் கேட்டதில்லை.

சூப்பர்வைசர் அதை உருவி எடுத்துத் தூக்கிப் பிடித்தார். "கரித்துணிக்குக் கை எதுக்கு முளைச்சுது?" என்றார். சுற்றி நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. "மிச்சம் எங்க?"

"எந்த மிச்சம்?" என்றாள் சோடாபுட்டி.

"கோட்டு."

"எனக்குக் கண்ணு தெரியாது சார். கைக்கு வந்ததை எடுத்தேன்."

"அப்ப வீட்டுல உட்கார்ந்து கண்ணைப் பார்த்துக்கோ. திங்கக்கிழமையில இருந்து வராத."

வாசலுக்கு வெளியே மின்னல் மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். மிச்சம் இதோ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் வேலையும் போகும், கோட்டும் போகும், கட்டிலும் போகும். வாயைத் திறக்கவில்லை. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் திறந்திருக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். அந்த உண்மை அவளுக்கு ஒரு ஆறுதலும் தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரியக்காவும் மின்னலும் துண்டுகளைத் தரையில் விரித்துப்போட்டு, ஊசியோடு உட்கார்ந்திருந்தார்கள். மிஷின்காரர் சுவரோரமாக இருந்தபடி நூலுக்கு மெழுகு தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒற்றைக் கையோடு கோட்டு பரிதாபமாகக் கிடந்தது. கதவு தட்டுகிற சத்தம் கேட்டுச் சின்னது ஓடிப்போய்த் திறந்தது. சோடாபுட்டி நின்றாள். நனைந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

மின்னல் எழுந்து அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, நான் நாளைக்குப் போய்ச் சொல்லிடறேன். எனக்காகத்தான்னு சொல்லிடறேன்."

"சொன்னா எனக்கு வேலை திரும்ப வருமா? உனக்கும்தான் போகும். இந்தப் பிள்ளை என்ன திங்கும்? என் கண்ணையா?" என்று சோடாபுட்டி கையை உருவிக்கொண்டாள். "வாயை மூடிக்கிட்டு இரு. இன்னும் ஒரு வருஷத்துல எப்படியும் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளியிருப்பான். கொஞ்சம் முன்னாடி தள்ளிட்டான், அவ்வளவுதான்."

அவ்வளவுதான் இல்லை என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். புருஷன் போய்ச் சேர்ந்தபிறகு அவளுக்கென்று ஆள் கிடையாது. அந்தக் கண்ணுக்கு வேறு எங்கேயும் வேலையும் கிடையாது.

அவள் சால்வைக்குள்ளிருந்து ஒரு துணியை எடுத்து மிஷின்காரர் மடியில் போட்டாள். பழுப்புக் கம்பளி. கால்சட்டையின் ஒரு கால்.

"எங்க வீட்டு மனுஷனோடது. இன்னொரு காலை எலி தின்னுடுச்சு. கையா வெச்சுத் தைச்சுக்குங்க."

மிஷின்காரர் அதைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். "அவர் காலா எனக்குக் கை?" என்றார். "நல்லா நடக்கிற மனுஷன். மலை ஏறத் தெம்பா இருக்கும்."

சோடாபுட்டி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் துடைத்தாள்.

மாலைக்குள் தைத்து முடித்தார்கள். பித்தான் இல்லாததால் இடுப்பில் கட்டிக்கொள்ள நாடா வைத்தார்கள். மிஷின்காரர் போடுவதற்குமுன் முதுகுப் பக்கத்தைத் திருப்பி, குறுக்கே ஓடிய தையலை விரலால் தொட்டுக்கொண்டே போனார். முடிகிற இடத்தில் விரல் நின்றது.

"இது உன் வெட்டு" என்றார்.

மின்னல் தலையைக் குனிந்துகொண்டாள். "எப்படித் தெரியும்?"

"முடியிற இடத்துல லேசா மேல வளையும். உன் வெட்டைத்தானே அத்தனை வருஷமா மிஷினுக்குள்ள தள்ளினேன்."

"பார்க்காம வெட்டிட்டேங்க."

"நேராத்தான் வெட்டியிருக்க" என்றார். "அதான் தைக்க வந்துச்சு."

திங்கட்கிழமை விடியும்போது மழை விட்டிருந்தது. குளிர் விடவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் நின்ற நர்ஸம்மா கோட்டை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு கை கறுப்பு, ஒரு கை பழுப்பு. தடிமனைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "ஏறுங்க" என்றாள். சின்னது அப்பாவின் பழுப்புக் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. மின்னல்தான் பிரித்தெடுத்தாள். அவர் படியில் ஏற இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினார். அப்போது அவர் முதுகு அவள் பக்கமாக இருந்தது. தோளிலிருந்து இடுப்புவரை, அவள் வெட்டின வெட்டு, பெருந்தையலாகத் தடித்துத் தெரிந்தது. வண்டி வளைவில் மறையும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வருவாரா என்று நர்ஸம்மாவிடம் அவள் கேட்டிருக்கவில்லை.

கொட்டகை வாசலில் பூட்டு வழியை விட்டு நகராமல், "போயாச்சா?" என்றான்.

"போயிட்டார், அண்ணே."

"குளிருக்கு?"

"கோட்டு இருக்கு."

"எந்தக் கோட்டு? நான் பார்த்தது கரித்துணி" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சோடாபுட்டியின் பலகை காலியாக இருந்தது. அதைச் சும்மா விட்டால் புது ஆளைப் போட்டுவிடுவார்கள். மறுபடி அவளுக்காகப் பேசிப் பார்ப்பதற்கு இடமே இல்லாமல் போகும். பெரியக்கா அந்தப் பலகையையும் தன் பலகையோடு இழுத்துச் சேர்த்துப் போட்டுக்கொண்டாள். "ரெண்டு பலகை வேலையையும் நாங்களே பார்த்துக்கறோம்" என்று சூப்பர்வைசரிடம் சொன்னாள். அவருக்கு வேலை நடந்தால் சரி. ஒவ்வொருத்தியும் தன் குவியலிலிருந்து ஒரு பிடி, இரண்டு பிடி என்று எடுத்து அங்கே போட்டுக்கொண்டே இருந்தார்கள். வார முடிவில் அதற்கான கூலி யார் வீட்டுக்குப் போகும் என்று அவர்கள் பேசிவைக்கவில்லை. பேசவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. இது எத்தனை நாளைக்கு ஓடும் என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

மின்னல் தன் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தாள். மிஷின் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. கையை உள்ளே விட்டாள். கனமாக ஏதோ வந்தது. கத்திவரை கொண்டுபோன கை அப்படியே நின்றது. துணியை மடியில் விரித்தாள். முழங்கை தேய்ந்துபோன ஒரு பழைய ஸ்வெட்டர். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வரிசையை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னடி முழிக்கிற?" என்றாள் பெரியக்கா.

"யாராவது எனக்கு ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"இல்லடி. ஒண்ணும் வெக்கல. வெட்டு."

மின்னல் இன்னும் ஒருமுறை பார்த்துவிட்டு, வெட்டினாள்.